மூடி களியானால், சாஸ் ஓடினால்: ஃபிஷ் பை பிழை நீக்கும் வழிமுறை

போன ஞாயிறு மதியம் லெஸ்டரிலிருந்து நாத்தனார் வீடியோ காலில் வந்தாள். போனைத் தட்டுக்கு நேராகத் திருப்பி, "அண்ணி, மேலே பாருங்க, கடையில வாங்கின மாதிரி பொன்னிறமா இருக்கு. இப்ப கீழே பாருங்க" என்று முள்கரண்டியால் மூடியைப் புரட்டிக் காட்டினாள். அடிப்பக்கம் பாதி வெந்த கொழுக்கட்டை மாவு போலச் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. "சாஸ் ஆறினதுக்கு அப்புறம் மூடினியா, இறக்கின கையோட மூடினியா?" என்று கேட்டேன். "பசங்க பசின்னாங்க அண்ணி, இறக்கின கையோடதான்" என்றாள். காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் ஹல் நகரில். ஹம்பர் முகத்துவாரத்தின் இக்கரையில் நாங்கள், அக்கரையில் கிரிம்ஸ்பி. காட், ஹேடாக் மீன்களுக்குப் பேர் போன இரண்டு துறைமுகங்கள். ஃபிஷ் பை என்பது மீனை வெள்ளைச் சாஸோடு பாத்திரத்தில் வைத்து, மேலே மூடி போட்டு ஓவனில் வேக வைக்கும் பலகாரம். இங்குள்ளவர்கள் அது என்றாலே மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பித்தான் செய்வார்கள். பஃப் பேஸ்ட்ரி மூடி போட்டது அதன் இன்னொரு வகை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் அதுதான். உருளைக்கிழங்கு ஈரத்தைக் குடித்துக்கொண்டு தப்பை மறைத்துவிடும். பேஸ்ட்ரி காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை வருஷம் செய்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்தப் பலகாரத்தில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி தண்ணீரால் வருகிறது. மாவுக்கும் வெண்ணெய்க்கும் உள்ளே இருக்கும் தண்ணீர் சரியான நேரத்தில் ஆவியானால் மூடி உப்பும். மீனிலிருந்து வரும் தண்ணீர் தப்பான நேரத்தில் ஆவியானால் அதே மூடி களியாகும். அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தேடுங்கள்.

திருத்தங்கள் புரிய என் அளவைச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேருக்கு, தோலும் முள்ளும் எடுத்த மீன் 600 கிராம்: காட் அல்லது ஹேடாக் 250, சால்மன் 200, சாயம் போடாத புகையூட்டிய ஹேடாக் 150. உரித்த, வேகாத இறால் 150 கிராம். லீக் (தடித்த வெங்காயத்தாள் போன்றது) ஒன்று, அவித்த முட்டை இரண்டு. சாஸுக்கு வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், கொழுப்பு எடுக்காத பால் 450 மில்லி. மூடிக்குக் கடையில் சுருட்டி விற்கும் 320 கிராம் பஃப் பேஸ்ட்ரி ஒன்று. பாத்திரம் ஒன்றரை லிட்டர் கொள்ள வேண்டும், சுமார் 25க்கு 18 செ.மீ.; பூரணம் கிட்டத்தட்ட விளிம்பு வரை வர வேண்டும் என்பதால் இதைவிடப் பெரிது வேண்டாம்.

அறிகுறி: தட்டில் வைத்ததும் சாஸ் குளம் கட்டுகிறது

அடுப்பில் கெட்டியாக இருந்த சாஸ் ஓவனுக்குள் போய் வந்ததும் நீர்த்துவிட்டது என்பார்கள். சாஸ் மேல் குற்றமில்லை, மீன் தண்ணீர் விட்டிருக்கிறது. காட் போன்ற வெள்ளை மீனில் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். வேகும்போது தசை சுருங்கி அதில் ஒரு பகுதியை வெளியே தள்ளும். உறைந்த மீன் இன்னும் அதிகமாக விடும், ஏனென்றால் ஃப்ரீசரில் உருவான பனித்துகள்கள் தசையை ஏற்கெனவே கிழித்து வைத்திருக்கும். துண்டு போட்டுக் கலந்து விற்கும் ஃபிஷ் பை மிக்ஸை உறைந்தபடியே சாஸில் கொட்டினால் குளம் நிச்சயம்.

உறைந்த மீனை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் ஒரு வடிதட்டின் மேல், கீழே கிண்ணம் வைத்து, உருக விடுங்கள். காலையில் கிண்ணத்தைப் பாருங்கள். அங்கே சேர்ந்திருக்கும் மூன்று நான்கு மேசைக்கரண்டித் தண்ணீரைப் பார்த்தால் எதைத் தவிர்த்தோம் என்று தெரியும். பிறகு கிச்சன் பேப்பரில் ஒற்றி எடுங்கள். ஒரு தாள் போதாது. தாள் நனையாமல் வரும் வரை.

அடுத்தது, வெள்ளை மீனையும் புகையூட்டிய மீனையும் பாலில் மெல்லிய சூட்டில் ஐந்து நிமிஷம் வேக விட்டு எடுங்கள். பால் கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சின்னக் குமிழ் வந்தால் போதும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மீனை எடுத்த பின் பாலை வடிகட்டி மறுபடி அளந்து பாருங்கள். 450 மில்லி ஊற்றியிருப்பீர்கள், அளவுக் குவளையில் 500 காட்டும். அந்தக் கூடுதல் 50 மில்லி மீன் விட்ட தண்ணீர். சாஸுக்கு 450 மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். வெந்த மீனை வைத்திருக்கும் தட்டிலும் நீர் ஊறும். அதையும் பூரணத்தில் சேர்க்காமல் வடித்துவிடுங்கள்.

சாஸின் பதம் இட்லி மாவு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும். ஆறியதும் கெட்டித் தயிர் போல நிற்கும், அதைப் பார்த்துப் பயந்து பால் சேர்க்காதீர்கள். ஓவனில் இளகிவிடும். மைதா சேர்ந்த பால் கொதி நிலைக்கு வந்தால்தான் முழுக்கக் கெட்டிப்படும். ஆவி வந்ததுமே இறக்கினால் பாதிக் கெட்டிதான், பச்சை மாவு வாசனையும் நிற்கும். குமிழ் வந்த பிறகு சிறு தீயில் மூன்று நிமிஷம் கிளறிக்கொண்டே இருங்கள்.

லீக், காளான், கீரை மூன்றும் தண்ணீர் ஒளித்து வைத்திருப்பவை. லீக்கை வெண்ணெயில் வதக்கிச் சட்டியின் அடி காயும் வரை விடுங்கள். கீரையை வதக்கி, கையில் உருட்டி, இறுக்கிப் பிழியுங்கள். உறைந்த பட்டாணி தொல்லை தராது.

மூடுவதற்கு முன்பே சாஸ் நீர்த்திருப்பது தெரிந்தால், ஒரு மேசைக்கரண்டி இளகிய வெண்ணெயோடு ஒரு மேசைக்கரண்டி மைதாவை விரலால் பிசைந்து, கொதிக்கும் சாஸில் சிறு சிறு உருண்டையாகப் போட்டு விஸ்க்கால் அடியுங்கள். வெண்ணெய் உருக உருக மாவு கட்டியில்லாமல் கரையும். வெந்து மேசைக்கு வந்த பிறகு தெரிந்தால், ஒரு மூலையில் மூடியைத் தூக்கிப் பாத்திரத்தைச் சாய்த்து நீரை ஒரு சின்னச் சட்டியில் வடித்து, சுண்ட விட்டு, திரும்ப ஊற்றுங்கள். ஐந்து நிமிஷ வேலை, சுவையும் வீணாகாது.

அறிகுறி: மூடி மேலே மொறுமொறு, அடியில் களி

நாத்தனாருக்கு வந்தது இதுதான். எனக்கு அதிகம் வரும் கேள்வியும் இதுதான்.

பஃப் பேஸ்ட்ரி என்பது மாவும் வெண்ணெயும் மாறி மாறி வரும் அடுக்கு. மூன்றாக மடித்து உருட்டுவதை ஆறு முறை செய்தால் 729 வெண்ணெய் அடுக்கு கணக்கு வரும். ஓவனின் சூட்டில் தண்ணீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். உருகிய வெண்ணெய் அடுக்குகளை ஒட்ட விடாமல் பிரித்து வைத்திருக்கும்போது அந்த ஆவி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும். நம் ஊர் பேக்கரியில் டீயோடு வாங்கும் முட்டை பஃப்ஸும் இதே வேலைதான். ஆனால் பஃப்ஸ் காய்ந்த டிரேயில் வேகிறது. ஃபிஷ் பையின் மூடி ஈரமான சாஸின் மேல் படுத்துக்கொண்டு வேகிறது. வித்தியாசம் அங்கேதான்.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதாவது உங்கள் உள்ளங்கைச் சூடு போதும். 80 டிகிரியில் இருக்கும் சாஸின் மேல் மூடியைப் போட்டால் ஓவனுக்குள் போகும் முன்பே அடியிலுள்ள அடுக்குகளின் வெண்ணெய் உருகி மாவுக்குள் ஊறிவிடும். பிறகு அடுக்கும் இல்லை, தூக்குவதற்கு ஆவிக்கு இடமும் இல்லை. கீழிருந்து வரும் ஆவி அந்த மாவை மேலும் நனைக்கும்.

ஆகவே பூரணம் ஆற வேண்டும். கை பொறுக்கும் சூடு போதாது, குளிர்ந்திருக்க வேண்டும். சீக்கிரம் ஆற, அகலமான டிரேயில் பரப்பி, ஏடு கட்டாமல் இருக்க பட்டர் பேப்பரைச் சாஸைத் தொடும்படி போர்த்தி, அரை மணி நேரத்தில் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். நான் சனிக்கிழமை இரவே பூரணம் செய்து வைத்துவிடுவேன். ஞாயிறு மதியம் மூடி போட்டு ஓவனில் வைப்பதோடு சரி.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். தட்டில் இருப்பது வேகாத மாவா, சாஸ் ஊறிய மாவா? மூடியின் ஒரு துண்டைப் பிய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்து, கடைசி ஒரே ஒரு படலம் மட்டும் வெள்ளையாக, மெத்தென்று சாஸைக் குடித்திருந்தால் அது பிழை இல்லை. எனக்கு மூடியில் பிடித்த பாகமே அதுதான். அடுக்கே தெரியாமல் ரப்பர் போல ஒரே பாளமாக, பல்லில் ஒட்டினால் அது வேகவில்லை.

வேகாத மூடியைக் காப்பாற்றலாம். இரண்டு அகலத் தோசைத் திருப்பியால் மூடியை முழுசாகத் தூக்கி, பட்டர் பேப்பர் போட்ட டிரேயில் தலைகீழாக வைத்து, ஃபேன் ஓவனில் 180 டிகிரியில் எட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். நாத்தனாரிடம் அதைத்தான் சொன்னேன். கால் மணி நேரத்தில் போட்டோ வந்தது, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பத் திரும்ப இதே தொல்லை வந்தால் மூடியைத் தனியாகச் சுடுங்கள். பாத்திரத்தின் விளிம்பை அளவாக வைத்து, வேகும்போது சுருங்கும் என்பதால் ஒரு செ.மீ. பெரிதாக வெட்டி, டிரேயில் 20 நிமிஷம் சுட்டு எடுங்கள். பூரணத்தை வேறு தட்டில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் மூடியை மேலே வையுங்கள். இது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கலாம், நான் அப்படி நினைக்கவில்லை. பத்துப் பேர் வரும் நாளில் இதைத்தான் செய்கிறேன். ஓரங்களில் சாஸ் ஊறிப் பொங்கி மூடியோடு ஒட்டும் அந்தச் சுவை மட்டும் கிடைக்காது.

அறிகுறி: மூடி உப்பவே இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் உப்பியது

ஓவன் சூடாகும் முன் உள்ளே வைத்தீர்களா? மிதமான சூட்டில் வெண்ணெய் உருகி ஒழுகிவிடும், ஆவி மெதுவாகத் தப்பிவிடும். முதல் 15 நிமிஷம் ஃபேன் ஓவனில் 200, ஃபேன் இல்லாததில் 220, கேஸ் ஓவனில் 7ஆம் எண். வாடகை வீட்டு ஓவன்களின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். முன்பு இருந்த வீட்டில் 200 வைத்தால் உள்ளே 175தான் வந்தது. சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தொங்க விட்ட பிறகுதான் தெரிந்தது, அதுவரை பேஸ்ட்ரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சூடு சரி என்றால் ஓரத்தைப் பாருங்கள். மழுங்கிய கத்தியால் அறுத்தாலோ இழுத்துக் கிழித்தாலோ அடுக்குகள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டிவிடும். கத்தி கூராக இருக்க வேண்டும், ஒரே அழுத்தாக மேலிருந்து கீழே வெட்ட வேண்டும். முட்டைப் பூச்சு வெட்டிய ஓரத்தில் வழிந்தாலும் அதே கதை. முட்டை வெந்ததும் பசையாகி அடுக்குகளைக் கட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் மறுபக்கத்தில் முட்டை வழிந்திருக்கும். பூசும்போது பிரஷ்ஷை ஓரத்துக்கு அரை செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். இங்குள்ள பழைய சமையல்காரர்கள் கத்தியின் முதுகுப்பக்கத்தைப் படுக்கையாகப் பிடித்து ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டுவார்கள். அப்படித் தட்டினால் நசுங்கிய அடுக்குகள் பிரிந்து நிற்கும். செய்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மிச்சத் துண்டுகளை உருண்டை பிடித்துத் திரும்பத் தேய்த்தாலும் உப்பாது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துத் தேய்க்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து செய்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. மே மாதச் சென்னைச் சமையலறையில் பேஸ்ட்ரியைப் பிரித்த ஐந்தாவது நிமிஷம் வெண்ணெய் இளகத் தொடங்கிவிடும். பாத்திரத்தையும் முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் குளிர வைத்து, மூடி போட்டதும் மறுபடி ஃப்ரிட்ஜில் அரை மணி வைத்துவிட்டு நேரே ஓவனுக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: சுருளைப் பிரிக்கும்போதே பேஸ்ட்ரி வெடிக்கிறது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பிரித்திருக்கிறீர்கள். பத்து நிமிஷம் வெளியே விட்டுப் பிரியுங்கள். வெடிப்பு வந்துவிட்டால் விரலில் தண்ணீர் தொட்டு ஒட்டி, மேலே ஒரு துண்டு பேஸ்ட்ரியை இலை வடிவில் வெட்டி வைத்துவிடுங்கள்.

அறிகுறி: மூடி நடுவில் குழிந்து சாஸுக்குள் இறங்கிவிட்டது

தாங்குவதற்குக் கீழே எதுவும் இல்லை என்று அர்த்தம். பெரிய பாத்திரத்தில் குறைந்த பூரணம் வைத்தால் மூடி தொட்டில் துணி போலத் தொங்கும், வெந்து கடினமாகும் முன் விழும். பூரணத்தை விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே வரை நிரப்பி, நடுவில் சற்று மேடாகக் குவியுங்கள். பாதியாக வெட்டிய அவித்த முட்டைகளைக் குப்புற நடுவில் வைத்தால் நல்ல முட்டு.

இங்கே இதற்கென்றே ஒரு கருவி உண்டு: வாயைத் திறந்த கறுப்புப் பறவை வடிவத்தில் பீங்கான் குழல். நடுவில் நிறுத்தினால் மூடியையும் தாங்கும், ஆவியையும் அதன் வாய் வழியாக வெளியே விடும். அது இல்லாதவர்கள் அவித்த முட்டை வைத்துச் சாப்பிடும் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். எது வைத்தாலும் மூடியில் கத்தியால் இரண்டு மூன்று கீறல் அவசியம். ஆவிக்கு வழி இல்லாவிட்டால் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு சாஸ் பொங்கி வழியும்.

கார்ன்வாலில் மவுஸ்ஹோல் என்ற மீனவ ஊரில் டிசம்பர் 23 அன்று செய்யும் ஸ்டார்கேசி பையில் மத்தி இன மீன்களின் தலை மூடியைத் துளைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும். மீனிலிருந்து கசியும் எண்ணெய் வெளியே போகாமல் பைக்குள்ளேயே வடியத்தான் அப்படி என்பார்கள். முதல் முறை படத்தில் பார்த்தபோது என் பெண் கண்ணை மூடிக்கொண்டாள், இப்போது எப்போது செய்வோம் என்று கேட்கிறாள்.

அறிகுறி: மூடி சுருங்கி விளிம்பை விட்டு விலகியது

மைதாவின் பசைத்தன்மை ரப்பர் போன்றது, இழுத்தால் திரும்பச் சுருங்கும். பாத்திரத்துக்கு எட்டவில்லை என்று மூடியை இழுத்து ஒட்டினால் ஓவனில் பழைய அளவுக்கே போகும். இழுக்க வேண்டாம், உருட்டுகட்டையால் தேய்த்துப் பெரிதாக்குங்கள். மூடி போட்ட பிறகு 20 நிமிஷம் ஃப்ரிட்ஜில் ஓய்வு கொடுங்கள்.

விளிம்பில் பிடிமானமும் வேண்டும். மிச்ச பேஸ்ட்ரியை ஒரு செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, தண்ணீர் தொட்டுப் பாத்திர விளிம்பைச் சுற்றி ஒட்டுங்கள். அதன் மேல் முட்டை தடவி மூடியை அழுத்துங்கள். வெறும் பீங்கானில் பேஸ்ட்ரி ஒட்டாது, பேஸ்ட்ரியில் பேஸ்ட்ரி நன்றாக ஒட்டும்.

அறிகுறி: மேலே கருகல், உள்ளே ஜில்

குளிர்ந்த பூரணம் வைக்கச் சொன்னதற்கு நாம் கொடுக்கும் விலை இது. முதல் 15 நிமிஷம் அதிகச் சூடு, பிறகு ஃபேன் ஓவனில் 170க்குக் குறைத்து இன்னும் 25 நிமிஷம். மேலே சிவந்துவிட்டால் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்துங்கள். கீறல் வழியாகத் தெர்மாமீட்டரை நடுவுக்கு விட்டுப் பாருங்கள். பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்வது 70 டிகிரியில் இரண்டு நிமிஷம், நான் 75 காட்டும் வரை விடுகிறேன். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு கத்தியை நடுவில் சொருகிப் பத்து எண்ணி எடுத்து மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். சுரீரென்று சுட வேண்டும்.

அறிகுறி: மீன் தூளாகிவிட்டது, இறால் ரப்பராகிவிட்டது

இரண்டு முறை வேகிறது என்பதை மறந்தால் இப்படித்தான். பாலில் வேக விடும்போது மீன் முக்கால் பதம் வந்தால் போதும், நடுவில் இன்னும் கண்ணாடி போலத் தெரியலாம். துண்டுகள் மூன்று செ.மீ.க்குக் குறையக் கூடாது. சாஸில் மீனைப் போட்ட பிறகு கரண்டியால் கிளறாதீர்கள்; பாத்திரத்தில் மீனை அடுக்கி, மேலே சாஸை ஊற்றி, பாத்திரத்தை இரண்டு தட்டுத் தட்டினால் தானாக இறங்கும். சால்மனையும் இறாலையும் நான் முன்கூட்டி வேக வைப்பதே இல்லை, ஒற்றி உலர்த்திப் பச்சையாகவே போடுகிறேன், ஓவன் சூடு போதும். கடையில் இளஞ்சிவப்பாக விற்பது ஏற்கெனவே வெந்த இறால். அதை ஓவனில் 40 நிமிஷம் வைத்தால் எந்த வித்தையும் பலிக்காது. சால்மன் மேல் வெள்ளையாகத் திரண்டு நிற்பது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, அதன் புரதம்தான்.

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் நம் கடைகளில் கிடைக்கும் வஞ்சிரத்தைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குழம்புக்கும் வறுவலுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஃபிஷ் பைக்கு வேண்டியது இதழ் இதழாகப் பிரியும் மீன். வஞ்சிரம் கட்டியாக நின்று வறண்டுவிடும். அந்தக் கடைகளில் கொடுவா கிடைத்தால் அதை வாங்குங்கள்.

அறிகுறி: சாஸ் திரிந்துவிட்டது, அல்லது கட்டி தட்டிவிட்டது

பால் தனியாகச் சூடாக இருக்கும்போது எலுமிச்சைச் சாறு விழுந்தால் திரியும். மைதா சேர்ந்து கெட்டியான பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுச் சேர்த்தால் திரியாது. நான் சாறுக்குப் பதில் தோலைத் துருவிப் போடுகிறேன், வாசனை அதிகம், புளிப்பு இல்லை. கட்டி தட்டினால் வடிகட்டி விடுங்கள், அவ்வளவுதான்.

பாலில் போடும் இலை விஷயத்தில் ஒன்று. இங்கே கிடைக்கும் பே இலையும் நாம் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையும் வேறு வேறு மரம். பிரிஞ்சி இலை போட்டால் சாஸில் பட்டை வாசனை வந்துவிடும். பே இலை இல்லாவிட்டால் எதுவும் போடாமல் நாலு மிளகும் அரை வெங்காயமும் போதும்.

அறிகுறி: உப்புக் கரிக்கிறது

புகையூட்டும் முன் மீனை உப்பு நீரில் ஊற வைக்கிறார்கள். அந்த உப்பு பாலுக்கு வந்து, பாலிலிருந்து சாஸுக்கு வரும். உப்பு சேர்த்த வெண்ணெய், செடார் சீஸ் இரண்டும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். சாஸ் முழுக்க முடிந்த பிறகு ருசி பார்த்து மட்டும் உப்புப் போடுங்கள். என் சமையலில் பெரும்பாலும் போட வேண்டியே வராது. ஏற்கெனவே கரித்துவிட்டால், மீன் வெந்த பாலில் பாதியை மாற்றிப் புதுப் பாலில் சாஸைச் செய்யுங்கள். சாஸும் முடிந்துவிட்டதென்றால் உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்குத் துண்டும் இன்னொரு அவித்த முட்டையும் சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி.

புகையூட்டிய ஹேடாக்கில் பளீர் மஞ்சள் நிறத்தில் இருப்பது சாயம் போட்டது. சாஸும் மஞ்சளாகும். வெளிறிய நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். கிரிம்ஸ்பியின் பாரம்பரியப் புகைமீனுக்குப் புவிசார் பாதுகாப்பு 2009இல் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஸ்மோக்கிக்கு 2004இலேயே வந்துவிட்டது. ஸ்மோக்கி புகையிலேயே வெந்த மீன் என்பதால் அதைப் பாலில் வேக வைக்காமல் உதிர்த்துக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: வாயில் முள்

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மீன் குழம்பில் நம் பிள்ளைகள் கையால் பிசைந்து, விரலால் தடவி, முள் எடுத்துச் சாப்பிடப் பழகியிருப்பார்கள். இங்கே கரண்டியால் சாப்பிடுகிறார்கள், வெள்ளைச் சாஸ் முள்ளை மறைத்துவிடுகிறது, முள் இருக்கும் என்ற எண்ணமே வராது. முள் நீக்கியது என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். மீன் துண்டைப் பலகையில் வைத்து, தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கியும், பிறகு எதிர்த்திசையிலும் விரல் நுனியால் அழுத்தித் தடவுங்கள். ஏதாவது ஒரு திசையில் முள் குத்தும். சால்மனில் நடுக்கோட்டை ஒட்டி வரிசையாக இருக்கும். புருவம் எடுக்கும் இடுக்கியால், முள் சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுத்தால் சதை கிழியாமல் வரும். வெந்த மீனைப் பாத்திரத்தில் அடுக்கும்போது இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள்.

அறிகுறி: மறுநாள் சூடாக்கினால் மூடி தோல் போல ஆகிறது

மைக்ரோவேவில் வைத்திருப்பீர்கள். பூரணத்திலிருந்து கிளம்பும் ஆவி மூடிக்குள் ஏறித் தங்கிவிடும். மூடியைத் தனியாக எடுத்து ஓவனில் 180இல் ஏழெட்டு நிமிஷம், பூரணத்தை மைக்ரோவேவில் ஆவி பறக்கும் வரை, பிறகு சேர்த்துச் சாப்பிடுங்கள். சமைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும், ஒரே முறைதான் சூடாக்கலாம். இறால் இருப்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஃப்ரீசரில் வைக்க நினைத்தால் அவித்த முட்டையைச் சேர்க்காமல் வையுங்கள், உறைந்து உருகிய வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். மூடியையும் அப்போது போட வேண்டாம். பூரணத்தை மட்டும் உறைய வைத்து, சாப்பிடும் அன்று புதுப் பேஸ்ட்ரி வாங்கி மூடுங்கள்.